ஆப்ஜெக்டுக்குள் ஆப்ஜெக்ட், நடுவில் நல்: எந்த வரிசையில் சரிசெய்வது

ஆர்டர் விவரப் பக்கம் திறந்ததும் வெள்ளையாக நிற்கிறது. கன்சோலில் சிவப்பாக ஒரு வரி. புதிதாகச் சேர்ந்தவர் அதைப் பார்க்கிறார், புள்ளி இருக்கும் இடத்திலெல்லாம் முன்னால் ஒரு கேள்விக்குறியைச் செருகுகிறார், கட்டணம் இல்லாவிட்டால் காட்ட || போட்டு ஒரு வாக்கியமும் சேர்க்கிறார், பக்கம் திறந்துவிடுகிறது. கமிட் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். பத்து நாள் கழித்துக் கணக்குப் பார்ப்பவரிடமிருந்து போன் வருகிறது: "இலவச டெலிவரி ஆர்டர் எல்லாத்துலயும் 'கட்டணம் பின்னர் தெரிவிக்கப்படும்'னு வருதே, ஏன்?"

உள்ளடுக்கில் வரும் நல் (null: 'இங்கே மதிப்பு இல்லை' என்ற குறி) சிக்கலைப் பெரும்பாலும் இப்படித்தான் 'தீர்க்கிறார்கள்'. எரர் மறைந்துவிடும், தவறு உள்ளேயே இருக்கும். கேள்விக்குறி போடுவது கடைசிப் பக்கத்து வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டும், ஏன் என்பதுதான் இங்கே.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆன்லைன் கடையின் ஆர்டரை எடுத்துக்கொள்கிறேன். ஃபீல்டு பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் யூனிகோடு பெயர்களை ஏற்றுக்கொள்ளும் என்பதால் இவை ஓடவும் செய்யும். ஆனால் நல் போன்ற மொழியின் சொந்தச் சொற்களை நீங்கள் வழக்கம்போல ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், உண்மையான ஜேசான் பதில்கள், அதாவது சர்வரின் ஏபிஐ அனுப்பும் டேட்டா. ஒன்று போதாது. எல்லாம் நிரம்பிய ஆர்டர் ஒன்று, கடைக்கே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஆர்டர் ஒன்று, கணக்கை நீக்கிவிட்ட வாடிக்கையாளரின் பழைய ஆர்டர் ஒன்று. நெட்வொர்க் டேபிலிருந்து காப்பி எடுத்து ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஐ ஆவணத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அதில் பெரும்பாலும் எல்லாம் நிரம்பிய ஆர்டர் மட்டும்தான் இருக்கும்.

இரண்டாவது, டேட்டாபேஸ் டேபிள்களில் எந்தக் காலம் (நெடுவரிசை) காலியாக இருக்கலாம் என்ற விவரம். நீங்கள் ஃப்ரண்ட்எண்ட் ஆள் என்றாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். லெஃப்ட் ஜாயின் போட்டு எடுத்த டேட்டா என்றால், வலது பக்க டேபிளின் எல்லாக் காலமும் ஒரே நேரத்தில் நல்லாக வரலாம்.

மூன்றாவது, பதிப்புகள். ?. குறியும் (இடப்பக்கம் நல் என்றால் மேலே படிக்காமல் நின்றுவிடும்) ?? குறியும் (இடப்பக்கம் நல் என்றால் வலப்பக்க மதிப்பைத் தரும்) ஜாவாஸ்கிரிப்டில் 2020 ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்தவை. நோட் 14, டைப்ஸ்கிரிப்ட் 3.7 முதல் உண்டு. வியூ (Vue) ஃப்ரேம்வொர்க்கில் 3 என்றால் டெம்ப்ளேட்டுக்குள் எழுதலாம். வியூ 2 என்றால் 2.7 வேண்டும், அதுவும் பில்டு கருவியோடு. பிஎச்பியில் ?? குறி 7.0 இலேயே வந்துவிட்டது, ?-> குறிக்கு (அங்கே ?. இன் வேலையைச் செய்வது) 8.0 தேவை. டெம்ப்ளேட்டில் ?. எழுதியதும் பில்டே நின்றுவிட்டால், தேட வேண்டிய முதல் இடம் இதுதான்.

1. எரர் வரியைச் சரியாகப் படியுங்கள்

குரோமில் வரும் வரி இது: "கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் நல் (ரீடிங் 'ஊர்')".

புதியவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைப் பார்த்ததும் 'ஊர் நல்லாக இருக்கிறது' என்று முடிவுகட்டி, டேட்டாபேஸில் ஊர் காலத்தைத் தேடப் போகிறார்கள். அங்கே எல்லா வரிசையிலும் ஊர் அழகாக இருக்கும். அரை நாள் போய்விடும்.

அந்த வரி சொல்வது வேறு. ஊர் என்ற ப்ராப்பர்ட்டியைப் படிக்கப் போன இடத்தில், அதற்கு இடப்பக்கம் இருந்தது நல். அதாவது முகவரி நல். ஊர் நல்லாகவே இருந்திருந்தாலும் எரர் வந்திருக்காது; திரையில் காலியாகத்தான் தெரிந்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம்: முழுப் பாதையையும் காட்டும். குரோம் வரி குழப்பினால் அதே பக்கத்தை ஃபயர்ஃபாக்ஸில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

'ஆஃப் நல்' என்றிருக்கிறதா, 'ஆஃப் அன்டிஃபைன்ட்' என்றிருக்கிறதா என்பதும் துப்புதான். நல் என்றால் யாரோ அதை அங்கே வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் பேக்கெண்டிலிருந்து வந்தது. அன்டிஃபைன்ட் என்றால் அப்படி ஒரு கீயே இல்லை: பெயரை எழுத்துப்பிழையோடு அடித்திருப்பீர்கள், அல்லது டேட்டா இன்னும் வந்து சேரவில்லை, அல்லது ஏபிஐ அந்தக் கீயை விட்டுவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பேக்கெண்டில் ஜாவா என்றால், ஜாவா 15 முதல் நல்பாயின்டர் எரர் எந்த மெத்தடின் விடை நல்லாக இருந்தது என்று பெயரோடு சொல்கிறது. அதற்கு முந்தைய பதிப்பில் இருந்துகொண்டு வரி எண்ணை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தால், மேம்படுத்த இது ஒன்றே போதுமான காரணம்.

2. எந்த அடுக்கு ஏன் நல் ஆகலாம் என்று தாளில் எழுதுங்கள்

கோடைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள். ஆர்டரை மரமாக வரைந்து, ஒவ்வொரு கிளைக்கும் பக்கத்தில் 'இது நல் ஆகலாமா, அப்படி ஆனால் என்ன அர்த்தம், திரையில் என்ன காட்ட வேண்டும்' என்று எழுதுங்கள். என் தாள் இப்படி இருந்தது:

ஆர்டர்.வாடிக்கையாளர்: ஆகலாம். கணக்கை நீக்கியவர். 'முன்னாள் வாடிக்கையாளர்' என்று காட்டு.
ஆர்டர்.டெலிவரி: ஆகலாம். கடையில் வந்து வாங்குபவர். டெலிவரிப் பகுதியையே காட்டாதே.
ஆர்டர்.டெலிவரி.முகவரி: ஆகக் கூடாது. டெலிவரி உண்டு, முகவரி இல்லை என்றால் அது பிழை.
ஆர்டர்.டெலிவரி.கட்டணம்: ஆகலாம். இன்னும் கணக்கிடவில்லை. 0 என்றால் இலவசம்.
ஆர்டர்.டெலிவரி.ஆள்: ஆகலாம். இன்னும் யாருக்கும் ஒதுக்கவில்லை.
ஆர்டர்.டெலிவரி.முகவரி.அடையாளம்: ஆகலாம். 'பிள்ளையார் கோவில் எதிரில்' மாதிரி எதுவும் அவர் எழுதவில்லை. பேசாமல் விடு.

இந்தத் தாளில் மூன்று வகை நல் இருப்பதைக் கவனியுங்கள். பொருந்தாது என்ற நல் (கடையில் வாங்குபவருக்கு டெலிவரி). இன்னும் இல்லை என்ற நல் (டெலிவரி ஆள்). இருந்தே ஆக வேண்டியது இல்லாமல் போன நல் (முகவரி). முதல் இரண்டையும் பக்கம் தாங்க வேண்டும். மூன்றாவதை மறைக்கவே கூடாது. அதன் மேல் ?. போட்டு மூடிவிட்டால், முகவரி இல்லாத பார்சல் வண்டியில் ஏறும் வரை யாருக்கும் தெரியாது. இந்த நல், பெயரில் மட்டும்தான் நல்.

எது எந்த வகை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பேக்கெண்ட் எழுதியவரிடம் தாளைக் காட்டிக் கேளுங்கள். "அது நல் வராதுங்க" என்று அவர் சொன்னால், டேபிளில் அந்தக் காலம் காலியாக இருக்கலாமா என்று சேர்ந்தே பாருங்கள். பல தடவை அங்கேதான் இருவருக்கும் தெரியவரும்.

3. நல் வேறு, அன்டிஃபைன்ட் வேறு, காலி ஸ்ட்ரிங் வேறு

மூன்றும் 'இல்லை' என்றுதான் சொல்கின்றன என்றாலும் கருவிகள் இவற்றை ஒரே மாதிரி நடத்துவதில்லை. புதியவர்கள் அதிகம் சறுக்குவது டிஃபால்ட் மதிப்பில்.

ஆப்ஜெக்டைப் பிரித்தெடுக்கும்போது கொடுக்கும் டிஃபால்ட், ஃபங்க்ஷன் பாராமீட்டருக்குக் கொடுக்கும் டிஃபால்ட், ரியாக்ட் ப்ராப்ஸுக்குக் கொடுக்கும் டிஃபால்ட், ஸாட் (டேட்டாவைச் சோதிக்கும் நூலகம்) ஸ்கீமாவில் கொடுக்கும் டிஃபால்ட், இவை எல்லாமே அன்டிஃபைன்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும். நல் வந்தால் நல்லே உள்ளே போகும்.

{ முகவரி = {} } = டெலிவரி

இந்த வரி முகவரி என்ற கீ இல்லாதபோது காப்பாற்றும். முகவரி நல்லாக இருந்தால் காப்பாற்றாது. அடுத்த வரியில் முகவரி.ஊர் படிக்கும்போது அதே எரர். லோடாஷ் நூலகத்தின் கெட் ஃபங்க்ஷனும் இப்படித்தான்: கடைசி மதிப்பு நல் என்றால் நீங்கள் கொடுத்த டிஃபால்டைத் தராது, நல்லைத்தான் தரும். "டிஃபால்ட் கொடுத்திருக்கேனே, எப்படி உடையும்?" என்ற கேள்வி வந்தால் பத்துக்கு ஒன்பது இதுதான்.

பேக்கெண்டும் தன் பங்குக்கு இவற்றை மாற்றிப்போடும். பிஎச்பியின் லாரவெல் ஃப்ரேம்வொர்க்கில் 5.4 முதல், ஃபார்மில் வந்த காலி ஸ்ட்ரிங்கை வழியிலேயே நல்லாக மாற்றும் மிடில்வேர் கூடவே வருகிறது. ஜாவாவின் ஸ்ப்ரிங்கில், டேட்டாவை ஜேசான் ஆக்கும் ஜாக்ஸனை 'நல் இல்லாதவற்றை மட்டும்' என்று அமைத்திருந்தால் நல்லாக இருக்கும் கீகள் ஜேசானில் வராமலே போகும். உங்கள் பக்கம் அவை அன்டிஃபைன்ட். ஜாவாஸ்கிரிப்டே ஜேசான் ஆக்கும்போது ஆப்ஜெக்டில் உள்ள அன்டிஃபைன்டைத் தூக்கிவிடும், பட்டியலுக்குள் இருந்தால் நல்லாக மாற்றிவிடும். ஆகவே 'எங்கள் ஏபிஐ இல்லாததை எப்படிச் சொல்லும்' என்று ஒரு வரியில் முடிவு செய்து தாளின் தலையில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: டைப்ஆஃப் போட்டு 'ஆப்ஜெக்ட்' என்று வந்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். நல்லுக்கும் அதே விடைதான் வரும்.

4. டேட்டா உள்ளே வரும் வாசலிலேயே ஒருமுறை சீராக்குங்கள்

ஏபிஐ பதில் வந்ததும் அதை அப்படியே காம்பொனென்டுகளுக்கு அனுப்பாமல், ஒரே ஒரு ஃபங்க்ஷன் வழியாக விடுங்கள். காரணம் எளிது: ஊர் பெயர் ஆர்டர் பட்டியலிலும் வரும், விவரப் பக்கத்திலும் வரும், பில்லிலும் வரும், எஸ்எம்எஸ்ஸிலும் வரும். நான்கு இடத்திலும் தனித்தனியாகத் தடுத்தால் ஐந்தாவதாக ஓர் இடம் சேரும்போது கட்டாயம் மறப்பீர்கள்.

வாடிக்கையாளர்_பெயர்: பதில்.வாடிக்கையாளர்?.பெயர் ?? 'முன்னாள் வாடிக்கையாளர்'
பொருட்கள்: பதில்.பொருட்கள் ?? []
கடையில்_வாங்குபவர்: பதில்.டெலிவரி === நல்
ஊர்: பதில்.டெலிவரி?.முகவரி.ஊர் ?? நல்

கடைசி வரியில் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி இல்லை. மறதியால் அல்ல. தாளில் 'ஆகக் கூடாது' என்று எழுதியிருக்கிறோம். மீறி நல் ஆகிவிட்டால் இங்கேயே உடையட்டும். வாசலில் உடைந்தால் எரர் லாகில் ஆர்டர் எண்ணோடு பதிவாகும். டெம்ப்ளேட்டின் ஆழத்தில் உடைந்தால் வெறும் வெள்ளைப் பக்கம்தான். அந்த ஃபங்க்ஷனைச் சுற்றி எரரைப் பிடித்து, 'இந்த ஆர்டரின் விவரத்தில் பிழை' என்று பயனருக்கு ஒரு வரி காட்டினால் போதும்.

மூன்றாவது வரியில் === போட்டதற்கும் காரணம் உண்டு. == நல் என்று எழுதினால் நல், அன்டிஃபைன்ட் இரண்டும் அகப்படும். பல இடங்களில் அது வசதி. இங்கே வேண்டாம். டெலிவரி என்ற கீயே வராமல் போனால் அது ஏபிஐ பிழை. அவரைக் கடையில் வாங்குபவர் கணக்கில் சேர்த்துவிட்டால் பார்சல் போகாது. இதை வைத்தால் அதற்கு மேலேயே 'டெலிவரி அன்டிஃபைன்ட் என்றால் எரர் எறி' என்று ஒரு சோதனையும் வைத்துவிடுங்கள். என் ஏபிஐ நல்லான கீகளைத் தூக்கிவிடும் வகை என்றால்? அப்போது இந்த வேறுபாட்டை நம்ப முடியாது. 'வகை: கடை' என்று வெளிப்படையான ஒரு ஃபீல்டைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

இந்தப் படியில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு ஒன்று. பட்டியல் நல் என்றால் காலிப் பட்டியலாக மாற்றுவது நல்ல பழக்கம், லூப் உடையாது. அதே கையோடு, டெலிவரி நல் என்றால் காலி ஆப்ஜெக்டாக மாற்றிவிடுகிறார்கள். எரர் நிற்கும். ஆனால் காலி ஆப்ஜெக்ட் 'உண்மை'க் கணக்கில் சேரும். 'டெலிவரி இருந்தால் இந்தப் பெட்டியைக் காட்டு' என்று எழுதிய இடமெல்லாம் இப்போது காட்ட ஆரம்பிக்கும். கடையில் வாங்குபவருக்கு 'டெலிவரி முகவரி: ' என்று காலியாக ஒரு பெட்டி. லாரவெலில், உறவு இல்லாவிட்டால் காலி ஆப்ஜெக்டைத் தரும் வித்டிஃபால்டுக்கும் இதே குணம் உண்டு. பெயரைக் காட்ட மட்டும் என்றால் வசதி, இருக்கிறதா இல்லையா என்று கேட்கும் இடத்தில் ஏமாற்றும்.

5. ?. குறியைச் சரியான புள்ளியில் வையுங்கள்

கேள்விக்குறி தன் இடப்பக்கம் இருப்பதைத்தான் காக்கும். நல் ஆகக்கூடியது டெலிவரி என்றால், குறி டெலிவரிக்குப் பின்னால் வர வேண்டும்.

ஆர்டர்?.டெலிவரி.ஆள்.பெயர்

இதை எழுதியவர் 'தொடக்கத்திலேயே போட்டுவிட்டேன், மொத்தச் சங்கிலியும் பாதுகாப்பு' என்று நினைத்தார். ஆர்டர் நல் என்றால் மட்டும்தான் அது நிஜம்: அப்போது மீதிச் சங்கிலி முழுவதும் படிக்கப்படாமல் அன்டிஃபைன்ட் வரும். ஆர்டர் இருந்து டெலிவரி நல்லாக இருந்தால், .ஆள் படிக்கும்போது உடையும். நம் தாளின்படி சரியானது:

ஆர்டர்.டெலிவரி?.ஆள்?.பெயர்

தாளில் 'ஆகலாம்' என்று குறித்த அடுக்குகள் எத்தனையோ, பாதையில் கேள்விக்குறி அத்தனை. ஆர்டருக்குப் பின்னால் எதற்கு, வாசலைத் தாண்டி வந்துவிட்டதே.

சின்னச் சின்னச் சறுக்கல்கள் சில. அடைப்புக்குறி போட்டால் அந்தக் குறுக்குவழி அங்கேயே நிற்கும்: (ஆர்டர்.டெலிவரி?.முகவரி).ஊர் என்பது டெலிவரி நல் என்றால் உடையும், அடைப்பு இல்லாவிட்டால் உடையாது. பட்டியலின் முதல் உருப்படிக்குப் புள்ளியோடு எழுத வேண்டும்: பொருட்கள்?.[0]?.விலை. சமக்குறிக்கு இடப்பக்கம் ?. வரவே கூடாது, அது சின்டாக்ஸ் எரர். அறிவிக்காத வேரியபிளுக்குப் பின்னால் ?. எந்த உதவியும் செய்யாது, ரெஃபரன்ஸ் எரர் வரத்தான் செய்யும்.

6. ?? வேறு, || வேறு; கணக்கு வரும் இடத்தில் இரட்டைக் கவனம்

ஆரம்பத்தில் சொன்ன போன் அழைப்புக்குக் காரணமான வரி இது:

டெலிவரி.கட்டணம் || 'கட்டணம் பின்னர் தெரிவிக்கப்படும்'

|| என்பது 0, காலி ஸ்ட்ரிங், ஃபால்ஸ் எல்லாவற்றையும் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். இலவச டெலிவரியின் 0 அதில் அடிபட்டது. ?? என்பது நல், அன்டிஃபைன்ட் இரண்டுக்கு மட்டும் வலப்பக்கம் போகும். இரண்டையும் ஒரே வரியில் அடைப்புக்குறி இல்லாமல் கலந்தால் ஜாவாஸ்கிரிப்டே ஏற்காது. அது நமக்கு நல்லதுதான்.

சரி, || எல்லாவற்றையும் ?? ஆக மாற்றினால் தீர்ந்ததா? கூட்டல் வரும் இடத்தில் இன்னொரு குழி இருக்கிறது.

டெலிவரி.கட்டணம் ?? 0 + பொருள்_தொகை

கூட்டல் முதலில் நடக்கும். ஆகவே இது 'கட்டணம் இருந்தால் கட்டணம், இல்லாவிட்டால் 0 + பொருள் தொகை' என்று ஆகிவிடுகிறது. கட்டணம் 40, பொருள் தொகை 600 என்றால் மொத்தம் 640 வர வேண்டும், வருவது 40. கட்டணம் நல்லாக இருக்கும் ஆர்டரில் மட்டும் 600 சரியாக வரும். நல்லை வைத்து மட்டும் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது. (டெலிவரி.கட்டணம் ?? 0) என்று அடைப்பு போட வேண்டும்.

போட்டாலும் அது சரியா என்பது வேறு கேள்வி. 'இன்னும் கணக்கிடவில்லை' என்ற நல்லை 0 ஆக்கிக் கூட்டினால், வாடிக்கையாளருக்கு 600 என்று காட்டிவிட்டுப் பிறகு 640 கேட்கப்போகிறோம். தாளைப் பாருங்கள்: கட்டணம் நல் என்றால் மொத்தத்தையே காட்டாமல் 'டெலிவரி கட்டணம் சேர்க்கப்படவில்லை' என்று சொல்வதுதான் நேர்மை.

கூட்டலில் நல்லை மறந்தே போனால் ஜாவாஸ்கிரிப்ட் எரரும் தராது. நல் + 50 என்பது 50. அன்டிஃபைன்ட் + 50 என்பது நேன், அதாவது எண்ணே அல்ல. நல் >= 0 என்று கேட்டால் ஆமாம் என்கும்; நல் == 0 என்று கேட்டால் இல்லை என்கும். 'கட்டணம் பூஜ்யமோ அதற்கு மேலோ இருந்தால் கணக்கிட்டாயிற்று' என்று நிபந்தனை எழுதினால் நல்லும் உள்ளே நுழைந்துவிடும். எண்களில் நல் வரும் என்றால் முதலில் நல்லா என்று கேளுங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள்.

7. டெம்ப்ளேட்டில் ஃப்ரேம்வொர்க்குக்கு ஏற்ப

ரியாக்டில் நல், அன்டிஃபைன்ட், ஃபால்ஸ் மூன்றையும் திரையில் காட்டாது. ஆனால் 0 ஐக் காட்டும். கட்டணம் && என்று தொடங்கும் வரியில் கட்டணம் 0 என்றால் திரையில் அநாதையாக ஒரு 0 நிற்கும். கட்டணம் !== நல் என்று முழுதாகக் கேளுங்கள். 'ஆர்டர் நல் என்றால் இங்கேயே திரும்பு' என்ற வரியை ஹூக்குகளுக்கு (யூஸ் என்று தொடங்கும் ரியாக்ட் ஃபங்க்ஷன்கள்) மேலே வைப்பதும் வழக்கமான தவறு. டேட்டா வந்ததும் ஹூக் எண்ணிக்கை மாறி வேறு எரர் வரும். எல்லா ஹூக்குகளுக்கும் கீழே வையுங்கள். ரியாக்ட் 16 முதல், ரெண்டர் நேரத்தில் வந்த எரரை எரர் பவுண்டரி (எரரைப் பிடித்து மாற்றுத் திரை காட்டும் காம்பொனென்ட்) பிடிக்காவிட்டால் மொத்த மரமும் கழற்றப்படும். வெள்ளைப் பக்கத்துக்குக் காரணம் அதுதான். டெலிவரிப் பகுதியைத் தனி பவுண்டரிக்குள் வைத்தால் ஆர்டரின் மீதியாவது தெரியும்.

வியூவில் வி-இஃப் வைத்த பகுதி பொய்யானால் உள்ளே இருப்பது கணக்கிடப்படாது. வி-ஷோ அப்படியல்ல, உள்ளே எல்லாம் ஓடும், கண்ணுக்குத்தான் தெரியாது. நல்லைத் தடுக்க வி-ஷோ வைத்துவிட்டு ஏன் உடைகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அதோடு, ஒரே எலிமெண்டில் வி-இஃப், வி-ஃபார் இரண்டும் இருந்தால் எது முதலில் என்பது வியூ 2 க்கும் 3 க்கும் நேரெதிர். இரண்டையும் ஒன்றாக வைக்காமல் விடுவதே மேல்.

ஜாங்கோ டெம்ப்ளேட் அமைதியாக விழுங்கும். பாதையின் நடுவே நன் (பைதானில் நல்லின் பெயர்) இருந்தால் எரர் இல்லை, காலியாக வரும். பாதையின் கடைசி மதிப்பே நன் என்றால் திரையில் 'நன்' என்ற ஆங்கிலச் சொல்லே அச்சாகும். அதற்கு டிஃபால்ட் என்ற ஃபில்டரைப் போட்டால் 0 உம் அடிபடும். || செய்த அதே வேலை. டிஃபால்ட்-இஃப்-நன் என்பதைப் போடுங்கள்.

லாரவெலில் ?? குறி பாதையின் நடுவே நல் இருந்தாலும் ப்ராப்பர்ட்டிகளைத் தாங்கிக்கொள்ளும். நல்லின் மேல் மெத்தடை அழைத்தால் தாங்காது. தேதியை வடிவமைக்கும் மெத்தடில் இது அடிக்கடி வரும். அங்கே ?-> தேவை. ஜாவாவின் தைம்லீஃப் டெம்ப்ளேட், ஸ்ப்ரிங்கோடு சேர்ந்து ?. ஐப் புரிந்துகொள்ளும். ஆங்குலர் டெம்ப்ளேட்டில் ?? 12 ஆம் பதிப்பிலிருந்துதான்.

8. ஃபார்முக்குத் தனி ஆப்ஜெக்ட் வையுங்கள்

காட்டுவதற்குச் செய்ததை எல்லாம் திருத்தும் பக்கத்தில் அப்படியே செய்ய முடியாது. இன்புட் பெட்டி எழுதவும் வேண்டும். வியூவின் வி-மாடலில் ஆர்டர்.டெலிவரி?.முகவரி?.ஊர் என்று எழுதினால், அது சமக்குறிக்கு இடப்பக்கமும் போக வேண்டியிருப்பதால் கம்பைலே ஆகாது. ரியாக்டில் இன்புட்டின் வேல்யூவாக நல் போனால் எச்சரிக்கை வரும், பெட்டி கட்டுப்பாட்டில் இல்லாத பெட்டி ஆகிவிடும்.

ஃபார்முக்கென்று எல்லாக் கீயும் காலி ஸ்ட்ரிங்காக இருக்கும் முழு எலும்புக்கூடு ஒன்றை உருவாக்கி, சர்வர் தந்ததை அதன் மேல் நிரப்புங்கள். நிரப்பும்போது விரிப்புக் குறியை (...) மட்டும் நம்பாதீர்கள். சர்வர் தந்த நல், உங்கள் காலி ஸ்ட்ரிங்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ?? '' எழுதுவது சலிப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை.

சேமிக்கும்போது திரும்ப மாற்ற வேண்டும். இதை மறந்ததால் நேர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். கடையில் வாங்குபவரின் ஆர்டரில் போன் எண்ணை மட்டும் திருத்தினார்கள். ஃபார்ம் தன் எலும்புக்கூட்டை முழுவதுமாக அனுப்பியது. டெலிவரி நல்லாக இருந்த இடத்தில் காலி முகவரியோடு ஒரு டெலிவரி உருவானது. மறுநாள் காலை அந்த ஆர்டர் டெலிவரி ஆளின் பட்டியலில், எந்த ஊரும் இல்லாமல்.

ஆகவே மாறிய ஃபீல்டுகளை மட்டும் அனுப்புங்கள். சர்வர் ஜேசான் மெர்ஜ் பேட்ச் முறையைப் பின்பற்றினால் இன்னும் கவனம் தேவை: ஆர்எஃப்சி 7396 இன்படி, நல் அனுப்பினால் 'அந்தக் கீயை நீக்கு' என்று பொருள், கீயை அனுப்பாவிட்டால் 'தொடாதே' என்று பொருள். அடையாளத்தை அழிக்க நல், அப்படியே விட எதுவும் வேண்டாம்.

9. டைப்ஸ்கிரிப்டைக் காவலுக்கு வையுங்கள்

ஸ்ட்ரிக்ட் நல் செக்ஸ் என்ற அமைப்பு அணைந்திருந்தால் இந்த விஷயத்தில் டைப்ஸ்கிரிப்ட் எந்த உதவியும் செய்யாது. இயக்குங்கள். பழைய ப்ராஜெக்டில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எரர் கொட்டினால், தாளில் உள்ள டைப்புகளிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஆச்சரியக்குறியை வைத்து எரரை வாயடைக்கும் பழக்கம் வேண்டாம். 'இது நல் இல்லை, நான் உறுதி' என்று கம்பைலரிடம் நாம் சொல்லும் வாக்கு அது. ஓடும்போது எதையும் சோதிக்காது. ஏபிஐ பதிலுக்கு நீங்கள் எழுதிய டைப்பும் அப்படித்தான், அது உங்கள் நம்பிக்கை மட்டுமே. வாசல் ஃபங்க்ஷனில் ஸாட் போன்ற ஒன்றால் உண்மையாகச் சோதித்தால்தான் டைப்புக்கு மதிப்பு. பட்டியலின் உருப்படிகள் அன்டிஃபைன்ட் ஆகலாம் என்று நினைவூட்ட, 4.1 இல் வந்த நோ அன்செக்ட் இன்டெக்ஸ்டு ஆக்ஸஸையும் இயக்கிப் பாருங்கள். கொஞ்சம் தொல்லை தரும், ஆனால் எனக்குப் பிடிக்கும்.

10. ஒவ்வோர் அடுக்கையும் நல்லாக்கி ஓட்டிப் பாருங்கள்

எல்லாம் நிரம்பிய ஜேசானை எடுத்து, அதன் ஒவ்வொரு பாதையையும் ஒரு முறை நல்லாக்கி, ஒரு முறை கீயையே நீக்கி, பக்கத்தை ரெண்டர் செய்யும் சின்ன லூப் ஒன்றை எழுதுங்கள். கையால் மூன்று நான்கு வகை மட்டும் சோதித்தால், நீங்கள் ஏற்கெனவே நினைத்துப் பார்த்தவற்றைத்தான் சோதிப்பீர்கள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஆழமான புதிய நகல் எடுங்கள். விரிப்புக் குறியால் எடுத்த நகலில் உள் ஆப்ஜெக்டுகள் பொதுவாகவே இருக்கும். முதல் சுற்றில் நல்லாக்கிய ஊர், எல்லாச் சுற்றிலும் நல்லாகவே தொடரும், சோதனை முடிவே பொய்யாகிவிடும்.

எதைச் சோதிப்பது? எரர் வரவில்லை என்பது மட்டும் போதாது. திரையின் எழுத்துகளில் நல், அன்டிஃபைன்ட், நேன், நன் என்ற ஆங்கிலச் சொற்கள் எங்கும் இல்லை என்று பாருங்கள். 'அன்புள்ள' என்பதற்குப் பின்னால் நல் என்று அச்சான மெயில், எரரே இல்லாமல்தான் போகும். தாளில் 'ஆகக் கூடாது' என்று எழுதிய பாதைகளுக்கு நேர்மாறாகப் பாருங்கள்: அங்கே எரர் வந்தே ஆக வேண்டும், லாகில் ஆர்டர் எண் இருக்க வேண்டும்.

எல்லாம் பச்சையானதும், முன்பு அவசரத்தில் செருகிய கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு லூப்பை மறுபடி ஓட்டுங்கள். எடுத்தும் பச்சையாகவே இருந்தால் அந்தக் கேள்விக்குறி தேவையில்லாதது. சிவப்பானால் தாளைத் திறந்து பாருங்கள். அந்த அடுக்குக்கு அங்கே வரி இல்லை என்றால், கேள்விக்குறியைத் திரும்ப வைக்கும் முன் பேக்கெண்ட் எழுதியவரை ஒருமுறை கூப்பிட்டுவிடுங்கள்.